புதுப்பிப்பு: சூடாக வீங்கிய அந்த முழங்கால்

என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் ஒருவரின் முழங்கால் 2 நாளில் வீங்கி, தொட்டால் சுடுகிறது, லேசான காய்ச்சலும் இருக்கிறது, பயிற்சியைத் தொடரலாமா என்று கேட்டிருந்தேன். தொடரவில்லை. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஊசியால் நீர் எடுத்துப் பார்த்ததில் மூட்டுக்குள் கிருமித் தொற்று. மூட்டைக் கழுவிவிட்டு, ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். இது சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும் என்பதால்தான் அத்தனை அவசரம்.

காய்ச்சல் இல்லாவிட்டால் காத்திருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் காய்ச்சலே வராமல் போகலாம். திடீரென்று ஒரு மூட்டு மட்டும் சூடாகி வீங்கினால், அதுவே போதும், அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், அவருக்கு வலி குறைந்திருக்கிறது. மருத்துவர் சரி என்றதும் பயிற்சியை மெதுவாகத் தொடங்குவோம்.