பெய்ஜிங் அரண்மனைக்கு ஒரு காலைப்பொழுது போதுமா?

கேள்வி: அடுத்த மாசம் அம்மாவோட பெய்ஜிங்ல 'தடைசெய்யப்பட்ட நகரம்'னு சொல்ற பழைய அரண்மனையைப் பார்க்கப் போறேன். அவங்களுக்கு முழங்கால் வலி. திங்கட்கிழமை காலை மட்டும்தான் நேரம். முடியுமா?

பதில் 1: திங்கள் விடுமுறைங்க! வேற நாளுக்கு மாத்துங்க. டிக்கெட்டும் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே எடுக்கணும்.

பதில் 2: தெற்கு வாசல்ல நுழைஞ்சு வடக்கு வாசலுக்கு வரவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். என் மாமியார் பாதியிலேயே உட்கார்ந்துட்டாங்க. பெரிய மண்டபத்தை வாசல்ல நின்னு எட்டித்தான் பார்க்கணும், அதுக்கு அத்தனை படி ஏறணுமான்னு அம்மாவே முடிவு பண்ணட்டும். முற்றத்துல நிக்கிற செப்புத் தொட்டிகளைத் தவறவிடாதீங்க. தீயணைக்கத் தண்ணீர் நிரப்பி வச்சவை. அதுமேல இருந்த தங்கப்பூச்சைச் சுரண்டின கீறல் கிட்டப் போனா பளிச்சுன்னு தெரியும்.

கேட்டவர்: நல்லவேளை கேட்டேன்! புதன்கிழமைக்கு மாத்திட்டேன். மடக்கு நாற்காலியும் எடுத்துக்கறேன்.