கலைச்சொல் தேவை: எஞ்சின் ‘மிஸ்’ அடிப்பதும் தானே நின்றுபோவதும்

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் வண்டிப் பழுதுநீக்கம் கற்பிக்கும் எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்துக்காகச் சுவரில் மாட்டும் அட்டவணை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டேன்.

பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருபவர் “மிஸ் அடிக்குது, ஸ்லோ நிக்கல, ஆஃப் ஆயிடுது” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அவற்றைப் பிரித்துக் கேட்டறிய மாணவர் பழக வேண்டும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் எந்த அறிகுறியும் காட்டாமல் சட்டென்று நின்றால், எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார், இக்னிஷன் இணைப்பு, பெட்ரோல் பம்பின் ரிலே என்று மின்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்கிறோம். இழுத்து, உதறி, அதன்பின் நின்றால், பெட்ரோல் ஃபில்டர், பம்பின் அழுத்தம், காற்றை அளவாக உள்ளே விடும் திராட்டிலில் படிந்த கரி, காற்று கள்ளத்தனமாக நுழையும் குழாய் விரிசல் என்று தேடச் சொல்கிறோம். ஆகவே மூன்று சொற்கள் வேண்டும். வெளியே உணரும் உதறலுக்குத் ‘திணறல்’ என்றும், சிலிண்டருக்குள் கலவை பற்றாமல் போவதற்கு ‘எரிபிழை’ என்றும், எஞ்சின் தானாக நின்றுபோவதற்கு ‘அவிதல்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

– சூரமங்கலம், பயிற்றுநர்

•

ஐயா,

திணறல் மிகப் பொருத்தம். நான் வாழும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டிகள் இருபதாவது கொண்டை ஊசி வளைவை எட்டும்போது, காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து, கரும்புகை கக்கி உண்மையிலேயே மூச்சுத் திணறும். இக்கால வண்டிகளில் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடுவதால் அந்தக் காட்சி அரிதாகிவிட்டது.

ஆனால் ‘எரிபிழை’ பிழையான சொல். அது வினைத்தொகை, எரிந்த பிழை, எரிகின்ற பிழை, எரியும் பிழை என்றுதான் விரியும். எரிபொருள் எரியும், எரிவாயு எரியும். எரிபிழையும் எரிந்தாக வேண்டும். நீங்கள் சொல்ல வந்ததோ எரியாமை. எரியில் நேர்ந்த பிழை என்றால் ஒற்று மிகுந்து ‘எரிப்பிழை’ என்றாகும். ஓர் ஒற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, இதில்தான் எல்லாமே இருக்கிறது என்பேன்.

அவிதல் அருமையான தேர்வு. “ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்” என்ற புறநானூற்று 191ஆம் பாடலின் அடியை அனைவரும் அறிவீர்கள். சுடர் தானே ஒடுங்குவதைக் குறிக்கும் அச்சொல், மனம் அடங்குவதற்கும் அங்கே ஆகிவந்திருக்கிறது. ஒடுங்கும் எஞ்சினுக்கு இதைவிடக் கண்ணியமான சொல் கிடைக்காது.

– ஏற்காடு, பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்

•

தமிழாசிரியர் ஐயாவுக்கு வணக்கம். சான்றோர் அவிந்தது சரிதான். எங்கள் ஊரில் இட்லியும் முட்டையும் அவிகின்றன. “எஞ்சின் அவிஞ்சு போச்சுங்க” என்று ஒருவர் சொன்னால், என் பட்டறைப் பையன் நேராக ரேடியேட்டர் மூடியைத்தான் பார்ப்பான். தண்ணீர் வற்றிச் சூடேறியது என்றே புரிந்துகொள்வான். தவறான இடத்துக்கு அனுப்பும் சொல்லைப் பழுது அட்டவணையில் எழுதலாமா? ‘அணைதல்’ என்றால் யாருக்கும் மயக்கம் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி மலை ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கும். மிதியை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடிவிடுவதால் தேய்ந்த பிளக்கில் பொறி தாவாது. திணறல் நின்ற நிலையிலா, ஏற்றத்திலா என்று கேட்கும் ஒரு கட்டம் இல்லாவிட்டால், மற்ற சொற்கள் எத்தனை அழகாக இருந்தும் பயனில்லை.

– அம்மாப்பேட்டை, பட்டறை

•

அணைதலில் தமிழ் தரும் வசதியை யாரும் கவனிக்கவில்லை. ஓட்டுநர் அணைத்தால் பிறவினை, எஞ்சின் அணைந்தால் தன்வினை. ‘தானே’ என்று கூடுதலாக எழுதவே வேண்டாம். ஆனால் தயவுசெய்து அதைப் பெயராக்கி ‘அணைவு’ என்று சுருக்கிவிடாதீர்கள். மேல்நிலை வேதியியலில் அணைவுச் சேர்மம் நடத்தும் எங்களுக்கு அது வேறு பொருள்.

ஒற்று மிகுந்த ‘எரிப்பிழை’ குறித்தும் ஓர் ஐயம். எரி, பிழை என்று பிரிப்பதைப் போலவே, எரிப்பு, இழை என்றும் அதைப் பிரிக்கலாம். டீசல் எஞ்சினின் குளோ பிளக்குக்குள் சிவந்து காயும் கம்பிச்சுருளுக்குத்தான் அந்தப் பெயர் முற்றப் பொருந்தும். மாணவர் உதிரிபாகக் கடையில் போய் எரிப்பிழை கேட்டால் நான் பொறுப்பல்ல.

– அஸ்தம்பட்டி, வேதியியல் ஆசிரியை

•

நண்பர்களே, எரியிலேயே ஏன் உழல்கிறீர்கள்? நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் 1,600 முறை எரிகிறது. 1, 3, 4, 2 என்ற வரிசை மாறுவதில்லை. இது நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ர நடையன்றி வேறென்ன? ஒரு சிலிண்டர் செத்தால் நான்கில் ஒரு தட்டு விழாது. ‘தாளந்தப்பல்’ என்று வையுங்கள். மிருதங்கம் கற்றவன் பானெட்டைத் திறக்காமலே கண்டுபிடிப்பான். எஞ்சினையும் ‘பொறி’ என்று மாற்றிவிட்டால் அட்டவணை முழுவதும் தமிழாகிவிடும்.

– செவ்வாய்ப்பேட்டை, தாளத்தில் பித்துள்ளவன்

•

அனைவருக்கும் நன்றி.

தாளத்தைச் சுவைத்தேன், ஆனால் வண்டியின் கணினி பி 0300 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டினால், பல சிலிண்டர்களில் மாறி மாறிப் பற்றவில்லை என்று பொருள், எந்தத் தட்டு விழவில்லை என்பதற்கு வரிசையே இராது. எஞ்சினைப் பொறியாக்கினால் “பொறியில் பொறி வரவில்லை” என்று எழுத நேரும். அதற்கு எனக்குத் துணிவில்லை.

ஒவ்வொரு சொல்லையும் அட்டவணையின் ஒரு வரியில் பொருத்திப் பார்த்தேன். முதல் சிலிண்டரைக் குறிக்கும் பி 0301 வந்தால், அதன் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் இருப்பதோடு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது வழக்கம். குறியீடு பி 0303 ஆக மாறினால் பழுது காயிலில்தான். “எரிப்பிழை காயிலோடு இடம்பெயர்கிறதா?” என்று எழுதினேன், வாக்கியம் நின்றது. தாளந்தப்பல் அந்த இடத்தில் உட்கார மறுக்கிறது.

ஆகவே திணறல், எரிப்பிழை, அணைதல் என்றே கொடுத்துவிட்டேன். எரிப்பிழையை விரும்பியவர்கள் அதிகம் என்று சொல்ல மாட்டேன், எதிர்த்து எழுத நேரமில்லாதவர்கள் அதிகம். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘மிஸ்’ என்று அருகில் சேர்த்திருக்கிறேன். ஏற்றத்துக்கான கட்டமும் உண்டு.

– சூரமங்கலம், பயிற்றுநர்

•

பயிற்றுநருக்கு, அவிதலை அடுப்பங்கரைக்கு அனுப்பியதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். இட்லிக்கு அஞ்சிச் சங்கச் சொல்லைக் கைவிட்டால், நாளை தோசைக்கு அஞ்சி ‘வார்ப்பு’ என்ற சொல்லையும் வார்ப்பாலைகளிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். ஒற்றைக் காப்பாற்றியதற்கு மட்டும் நன்றி.

– ஏற்காடு

•

ஐயா, மெய்ப்பு இப்போதுதான் வந்தது. அச்சுக்கோப்பவர் ஒற்று மிகையென்று கருதி ஏழு இடங்களிலும் ‘எரிபிழை’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். மாலை ஐந்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும். ஏழையும் கையால் திருத்தத் தொடங்கியிருக்கிறேன்.

– சூரமங்கலம்