ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், பயம்தான் குறையவில்லை

மழைக்குருவி

வணக்கம். எனக்கு வயது 41. எடை 112 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் சேர்த்துப் போடும் கணக்கு) 43. பல வருடமாகச் சர்க்கரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பரிசோதனையில் தெரிந்ததிலிருந்து இரவில் மூச்சுவழி மூடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சி-பாப் முகமூடியோடுதான் படுக்கிறேன். அடுத்த மாதம் எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் போல ஆக்குவது.

முடிவு என்னுடையதுதான், யாரும் தள்ளிவிடவில்லை. ஸ்லீவ், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் இரண்டையும் சர்ஜன் படம் போட்டு விளக்கினார். நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது அதிகமாகலாம், எனக்கு அந்தத் தொல்லை இல்லை, எண்டோஸ்கோபியிலும் ஒன்றும் இல்லை என்பதால் ஸ்லீவ் என்று முடிவானது. பகலில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

மயக்கத்திலிருந்து எழவே இல்லை என்றால்? இந்தக் கழுத்தில் குழாய் இறங்காமல் போனால்? மகளுக்கு 9 வயது. ஏதோ நோய் முற்றி வேறு வழியில்லாமல் ஆபரேஷன் செய்தால் அது ஒரு மாதிரி. நானாகக் கேட்டு வாங்கிய ஆபரேஷனில் போய்ச் சேர்ந்தேன் என்றால் அவளிடம் யார் என்ன சொல்வார்கள்?

சில இரவுகளில் அதைவிடப் பெரியதாக இன்னொன்று வரும். இதுவும் பலிக்கவில்லை என்றால்? எல்லா டயட்டும் பார்த்தாகிவிட்டது. இதற்கு மேல் முயற்சி செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

சொல்லி அழவும் ஆள் இல்லை. கணவரிடம் பேச்செடுத்தால் “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்ற ஒரே வாக்கியம், அத்தோடு எழுந்து போய்விடுவார். என் அக்காவிடம் சொன்னேன். “வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்குத்தான் வயித்தை வெட்டுவாங்க” என்றாள். அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பயம் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னால் தகுதியில்லை என்று நிறுத்திவிடுவார்களோ? சிரித்த முகத்தோடு போய் வந்துவிடலாமா?

“தைரியமாக இருங்கள்” என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். இந்த நாட்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்று சொன்னால் போதும்.

பழையபடகு

சகோதரி, 2017-ல் எனக்கு பைபாஸ் நடந்தது. அன்று 128 கிலோ. மிகக் குறைந்தது 84. இப்போது 91. கடைசி எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது பயத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை இறங்கும். பிறகு நின்று, பலருக்குக் கொஞ்சம் மேலே ஏறும். சர்க்கரை மாத்திரை முழுவதும் நின்றிருந்தது, அதில் ஒன்று திரும்ப வந்திருக்கிறது. இதைத் தோல்வி என்று என் மருத்துவரும் சொல்லவில்லை, என் முழங்காலும் சொல்லவில்லை. பழைய எடைக்கே திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. அப்போதும் மருந்தோ மறு ஆபரேஷனோ வழி இருக்கிறது. கடைசி வாசல் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள், அந்த நினைப்பே பாதி பாரம்.

சாவு பயம். அனுபவமுள்ள இடங்களில் முதல் 30 நாளில் உயிரிழப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடிய அளவுதான். இந்த எண் பகலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. இரவு இரண்டு மணிக்கு “அந்த ஒருவன் நான்தான்” என்று நிச்சயமாகத் தெரிந்தது! ஆக, எண் மட்டும் போதாது. சர்ஜனிடம் நேராகக் கேட்டேன்: வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், தையல் போட்ட இடத்தில் லீக் எத்தனை பேருக்கு வந்தது, நடு ராத்திரி எனக்கு ஏதாவது ஆனால் வந்து பார்ப்பது யார்? அவர் முகம் சுளிக்காமல், கணக்கோடு பதில் சொன்னார். சுளித்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பேன். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

அப்புறம் வீட்டுக் காகிதங்கள். இன்சூரன்ஸ் எங்கே, வங்கிக் கணக்கு எது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே தாளில் எழுதித் தம்பியிடம் கொடுத்தேன். அபசகுனம் என்று அம்மா திட்டினாள். கொடுத்த இரவு நன்றாகத் தூங்கினேன். ஆனால் மகளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள். என் வார்டில் ஒருவர் அப்படி எழுத ஆரம்பித்து, ரத்த அழுத்தம் ஏறி, ஆபரேஷனே ஒரு வாரம் தள்ளிப்போனது.

உங்கள் அக்காவின் வாக்கியத்துக்கு வருகிறேன். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில்தான் சுரக்கிறது. டயட்டில் எடை குறைந்தால் அது கூடும், உடல் பழைய எடைக்கு இழுக்கும். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுக்கும்போது அந்தப் பகுதியும் போய்விடுகிறது. வாயைக் கட்டுவதோடு முடிகிற விஷயம் இல்லை இது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 2007-ல் வந்த முடிவில் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு. நீங்கள் ‘கேட்டு வாங்கிய’ ஆபத்தைப் பார்க்கிறீர்கள். சர்க்கரையும் மூச்சுத் தடையும் கேட்காமலே தருகிற ஆபத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை, உங்கள் அக்கா உட்பட.

அவரைச் சம்மதிக்க வைக்க இப்போது முயல வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் அவ்வளவு சக்தி மிச்சம் இருக்காது.

இரவுப்பணி

அக்கா, நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவில் நர்ஸ். உங்கள் முதல் பயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எடை கூடியவர்களை நாங்கள் தட்டையாகப் படுக்க வைப்பதில்லை. படுத்தால் வயிறு நுரையீரலை மேலே அழுத்தும் இல்லையா, அதனால் தோளுக்கும் தலைக்கும் அடியில் மேடு கொடுத்து, காதும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்தில் வரும்படி வைப்போம். மருந்து ஏற்றும் முன்பே சில நிமிடம் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்புவோம். நுனியில் கேமரா உள்ள கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முதல் வழி சரிவராவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்னவென்று முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு திரையில் அலையாக ஓடும், குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நீங்கள் தூங்குகிற நேரம் முழுவதும் ஒருவர் உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்களுக்கு நீங்கள் செய்ய வேண்டியது, எதையும் மறைக்காமல் சொல்வது. முன்பு மயக்க மருந்தில் ஏதாவது சிக்கல், ஆடும் பல், புகை, எல்லா மாத்திரையும், நாட்டு மருந்தும் சேர்த்து. சர்க்கரைக்கோ எடை குறையவோ செமாக்ளூடைடு மாதிரி வாராந்திர ஊசி போடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும், குழாய் போடும்போது அது முக்கியம். சி-பாப் கருவியை மருத்துவமனைக்கே எடுத்து வாருங்கள். மூச்சுத் தடை இருப்பது தெரியாமல் வருகிற நோயாளிதான் எங்களுக்குக் கவலை. நீங்கள் தெரிந்துகொண்டு, முகமூடியும் போட்டுக்கொண்டு வருகிறீர்கள்.

எழுந்ததும் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால் வருவது, ஓரிரு நாளில் போகும். அன்றைக்கே எழுப்பி நடக்க வைப்பார்கள், திட்டாதீர்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்கத்தான்.

வீட்டுக்குப் போன பிறகு சும்மா இருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. இந்தப் பட்டியலை உங்கள் கணவரிடம் கொடுங்கள்.

நிழல்மரம்

அந்தக் கணவர் சார்பில் நான் பேசுகிறேன். என் மனைவிக்கு ஸ்லீவ் நடந்தது. நானும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே எனக்கு நடுக்கம், அதைக் காட்டினால் இவள் பின்வாங்கிவிடுவாள் என்று ஒரு கணக்கு.

அவரிடம் ஆறுதல் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது கூட உட்கார வையுங்கள். நர்ஸ் தங்கை சொன்ன பட்டியல் அவர் பொறுப்பு. வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை உண்டு, அதை வாங்கி வைப்பது அவர் பொறுப்பு. எனக்குப் பேச வராது, ஆனால் எத்தனை மில்லி குடித்தாள் என்று குறித்து வைக்க நன்றாகவே வந்தது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் சில வாரம், வெறும் திரவம் மட்டும் குடிக்கும் நாட்களில், “ஏன்தான் இதைச் செய்துகொண்டேன்” என்று என் மனைவி அழுதாள். துக்கமோ சலிப்போ வந்தால் சாப்பாட்டில் சாய்ந்துகொள்வது அவள் வழக்கம், அந்தத் துணை ஒரே நாளில் போய்விட்டது. எனக்கு யாரும் சொல்லாததால் ஏதோ பெரிய சிக்கல் என்று பதறினேன். பலருக்கு வருவதுதானாம், அவளுக்கும் போய்விட்டது. மூன்றாம் மாத வாக்கில் முடி கொட்டலாம், அதற்கும் இதே கதைதான்.

9 வயதுப் பெண்ணுக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று இந்நேரம் தெரிந்திருக்கும். “அம்மா வயித்துல ஒரு ஆபரேஷன், சில நாள் தூக்க முடியாது” என்று சொன்னால் போதும். அலுவலகத்துக்கும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான், அதற்கு மேல் விவரம் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

கரையோரம்

மனநல மருத்துவர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பயமாக இருக்கிறது என்பதற்காக யாரையும் நிறுத்துவதில்லை. பயமே இல்லை என்று சொல்பவரைத்தான் இரண்டாவது முறை பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன நடக்கப்போகிறது என்று புரிந்திருக்கிறதா, குடி, மனச்சோர்வு, கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பழக்கம் இருக்கிறதா, பிறகு கைகொடுக்க யார் இருக்கிறார்கள், இவைதான் கேள்விகள்.

எனக்குத் தள்ளிப்போட்டார்கள். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் மூச்சு முட்டச் சாப்பிடுவதைச் சொன்னேன். முதலில் அதற்குச் சிகிச்சை, சில மாதம் கழித்து ஆபரேஷன் என்றார்கள். அன்று கோபம் வந்தது, வெளியே வந்து கதவை அறைந்து சாத்தினேன். இன்றும் அந்த ஆலோசகரிடம்தான் போகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு கைகொடுத்த ஆள் அவர் ஒருவர்தான், என் வீட்டில் யாரும் இல்லை.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தால் அதைக் கேளுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு சில மருந்துகள் உடலில் சேரும் அளவு மாறும். மதுவும் அப்படித்தான், கொஞ்சத்திலேயே ஏறும்.

மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை. அக்கா சொன்னது உட்பட எல்லாவற்றையும் மனநல மருத்துவரிடம் கொட்டினேன். அவர் எழுதிக்கொண்டே, “இதை ஆபரேஷனுக்குப் பிறகும் வந்து பேசுங்கள்” என்றார், அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரக் குறைந்த கலோரி உணவை ஆரம்பித்துவிட்டேன். நேற்றும் இன்றும் காலையில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. பயத்தினால்தானே?

இரவுப்பணி

அக்கா, பயம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரைக்கு என்ன மாத்திரை? இன்சுலினைச் சுரக்க வைத்துச் சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு மாதிரி ஏதாவது இருக்கிறதா? இப்போதே ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த உணவு கல்லீரலைச் சுருக்கத்தான், அதன் இடது மடல் இரைப்பையின் மேல் படுத்திருக்கும், சுருங்கினால் சர்ஜனுக்கு வழி கிடைக்கும். சாப்பாடு இவ்வளவு குறையும்போது மாத்திரையும் குறைய வேண்டும். யாரும் சொல்லவில்லையா?

மழைக்குருவி

64 இருந்தது. குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். கிளிமெபிரைடை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், மெட்ஃபார்மின் மட்டும். தினமும் காலையும் இரவும் அளவு பார்த்து அனுப்ப வேண்டும். அளவு எழுதும் நோட்டைக் கணவர் வாங்கிக்கொண்டார். மயக்க மருந்து மருத்துவரை வியாழக்கிழமை பார்க்கிறோம், அதே நோட்டின் பின்பக்கத்தில் கணவர் தன்னுடைய கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார். என்னுடையதைவிட நீளமான பட்டியல்.