360 ரேடியேட்டருக்குச் சத்தம் குறைந்த விசிறி: எதைப் பார்த்து வாங்குவது?

இரவுக்குரல்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டு அறையில் இரவு நேரங்களில் ஒலிக்கதைகளைப் பதிவு செய்து வருகிறேன். என் கணினியில் நானே பூட்டிய வாட்டர் கூலிங் (நீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் அமைப்பு) உள்ளது. அந்த நீரின் வெப்பத்தை மெல்லிய தகடுகள் வழியே காற்றில் விடும் ரேடியேட்டர்களாக, 30 மி.மீ. தடிமனில் மூன்று விசிறிகளுக்கான ஒரு 360 ரேடியேட்டரும், தகடுகள் மிக நெருக்கமாக அமைந்த 45 மி.மீ. தடிமனில் இரண்டு விசிறிகளுக்கான ஒரு 240 ரேடியேட்டரும் இருக்கின்றன. பதிவின்போது ஏசியையும் சீலிங் ஃபேனையும் நிறுத்திவிடுவதால் அறையின் வெப்பம் 33 டிகிரி வரை ஏறிவிடுகிறது.

கேபினட்டுடன் வந்த ஐந்து 120 மி.மீ. விசிறிகளையே இப்போது பொருத்தியிருக்கிறேன். அவை நிமிடத்துக்கு 1400 சுற்றில் சீறுகின்றன. ஆனால் 240 ரேடியேட்டரின் பின்புறம் உள்ளங்கையை வைத்தால் காற்று வருவதே தெரியவில்லை. அதே விசிறியைக் கழற்றிக் கையில் பிடித்து ஓட்டினால் மேசையில் இருக்கும் தாள்கள் பறக்கின்றன. இன்னொரு தொல்லை, பெரிய கோப்பு ஒன்றைத் திறந்தவுடன் ஐந்தும் ஒன்றாக உறுமிப் பத்து விநாடியில் அடங்கிவிடுவது. அந்த உறுமல் மைக்கில் அப்படியே விழுகிறது. எதைப் பார்த்து விசிறி வாங்க வேண்டும்?

குளிர்நீர்:

உங்கள் உள்ளங்கை சொன்னதுதான் சரியான விடை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றின் அளவு, எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. நெருக்கமான தகடுகளுக்கு முன்னால் அது கிடைக்காது. தடையை மீறித் தள்ளும் ஆற்றலை, அதாவது ஸ்டாட்டிக் பிரஷரை, மில்லிமீட்டர் நீர் அளவில் குறிப்பார்கள். அந்த எண்ணும் காற்றோட்டம் முற்றிலும் அடைபட்ட நிலையில் அளந்ததே என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து, விசிறியின் முன்புறத்தில் இறக்கைகளின் நுனியருகே பிடித்துப் பாருங்கள். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய அந்த இடத்தில் கீற்று உங்களை நோக்கி ஆடினால், தகடுகளுக்குள் நுழைய முடியாத காற்று திரும்பி வருகிறது என்று பொருள்.

நாக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 விசிறி 2000 சுற்றில் 2.34 மி.மீ. அழுத்தம் தருகிறது, இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் விட்டிருக்கிறார்கள். ஆர்க்டிக் பி12 1800 சுற்றில் 2.2 மி.மீ. தருகிறது, விலையோ மிகவும் குறைவு. ஆனால் இவை முழு வேகத்துக்கான எண்கள் என்பதை மறக்கக் கூடாது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், அழுத்தமோ கால் பங்காகிவிடும். அமைதிக்காக 900 சுற்றில் ஓட்ட நினைப்பவருக்கு 2.34 என்பது அரை மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடுவதால், நெருக்கமான தகடுகள் கொண்ட உங்கள் 240-க்கு நல்ல விசிறிகளை வைத்து, 360-க்குச் செலவைக் குறைத்துக்கொள்வதே என் யோசனை.

மெதுவாக ஓட்டுவதன் பலனும் பெரிது. வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். ஒரே மாதிரியான விசிறிகள் ஒன்றுக்கு மூன்றானால் கூடுவது 5 டெசிபெல் மட்டுமே.

மூலைக்கடை:

குளிர்நீர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பத்து விநாடி உறுமல் எந்த விசிறியை வாங்கினாலும் போகாது, ஏனெனில் உங்கள் விசிறிகள் பிராசசரின் வெப்பத்தைப் பார்த்து ஓடுகின்றன. அது ஒரு நொடியில் 20 டிகிரி தாவும். நீர் அப்படித் தாவாது. ஒரு லிட்டர் நீரில் 100 வாட் வெப்பத்தைப் பத்து விநாடி கூடுதலாகச் செலுத்தினாலும் கால் டிகிரிதான் ஏறும். அந்தக் கால் டிகிரிக்காக ஐந்து விசிறிகள் அலற வேண்டிய தேவையே இல்லை.

குழாய் வழியில் ஒரு நீர்வெப்ப சென்சாரைப் பொருத்தி, மதர்போர்டில் அதற்கான இரண்டு முள் இணைப்பு இருந்தால் அதில் சொருகுங்கள். இல்லாவிட்டால் அக்வா கம்ப்யூட்டரின் குவாட்ரோ போன்ற தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். 33 டிகிரி அறையில் நீர் 42, 43 டிகிரிக்கு வருவது இயல்பே, அறையின் வெப்பத்துக்குக் கீழே அதை எந்த விசிறியாலும் இறக்க முடியாது. 40 டிகிரி வரை 700 சுற்று, 48-இல் 1200 சுற்று என்று வைத்துப் பாருங்கள்.

இரவுக்குரல்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிஷ்யூ கீற்று என் பக்கமே ஆடியது! மதர்போர்டில் இரண்டு முள் இணைப்பு இருக்கிறது, சென்சாருக்குச் சொல்லிவிட்டேன். 240-க்கு 30 மி.மீ. தடிமனுள்ள பான்டெக்ஸ் டி30 சரிவருமா?

குளிர்நீர்:

மிக நன்றாகச் சரிவரும், ஆனால் திருகுகளில் கவனம் வேண்டும். 25 மி.மீ. விசிறிக்கு 30 மி.மீ. திருகு போதும் என்றால், இதற்கு 35 மி.மீ. வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் அதே 35 மி.மீ. திருகை ஒரு சாதாரண விசிறிக்குப் போட்டு, இறுகவில்லையே என்று இன்னும் இரண்டு சுற்று முடுக்கினேன். திருகைத் திரும்ப எடுத்தபோது அதன் நுனியில் பச்சை நிறத்தில் ஒரு சொட்டு நின்றது. தகடுகளுக்கு இடையே ஓடும் நீர்க்குழாயில் ஓட்டை விழுந்திருந்தது. திருகு துளைக்கு நேர் கீழே பாதுகாப்புத் தகடு இல்லாத ரேடியேட்டர் என்றால், விசிறி இல்லாமல் முதலில் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

மூலைக்கடை:

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். விசிறிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்போது சத்தம் ஏறி இறங்கும் ஒரு முனகல் கேட்கும், மைக் அதை நன்றாகவே பிடிக்கும். 2024-இல் நாக்டுவா தன் 140 மி.மீ. விசிறியை இரண்டு கொண்ட ஜோடியாக விற்கும்போது, ஒன்று சற்று வேகமாகவும் மற்றது சற்று மெதுவாகவும் ஓடும்படி அமைத்தது இதற்காகத்தான். நீங்கள் 360-இன் மூன்று விசிறிகளையும் 240-இன் இரண்டையும் தனித்தனி இணைப்பில் கொடுத்து, பதிவு அறையில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு 600-இலிருந்து 50 சுற்றாக ஏற்றிக் கேளுங்கள். எந்த வேகத்தில் முனகல் எழுகிறதோ அதில் நிற்காமல் தாண்டிச் செல்லும்படி வேகத்தை அமைத்துவிடுங்கள்.