டிராக் பந்தய எஞ்சினில் ஒரே வால்வின் டேப்பட் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது: எதைச் சோதிப்பது?

கேள்வி:
வணக்கம். டெக்சாஸில் வார இறுதிகளில் கால் மைல் நேர்கோட்டு டிராக் (drag) பந்தயம் ஓடும் என் காரில் 540 கன அங்குல ஷெவர்லே பிக் பிளாக் எஞ்சினும் சாலிட் ரோலர் கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு; அதன் மேடுகள்மேல் சக்கரம் வைத்த லிஃப்டர்கள் உருளும்) இருக்கின்றன. சுமார் 60 ஓட்டங்களுக்குப் பிறகு ஐந்தாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் டேப்பட் இடைவெளி (மூடிய வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) 0.006 அங்குலம் கூடியிருந்தது. சரிசெய்தேன், அடுத்த வாரமே மீண்டும் 0.004 அங்குலம் கூடிவிட்டது. இப்படியே சரிசெய்துகொண்டு சீசனை முடிக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் ஐயா, அந்த எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இடைவெளி குறைந்தால் வால்வு நீள்கிறது அல்லது சீட்டுக்குள் அமிழ்கிறது என்று பொருள். கூடினால் கேமுக்கும் வால்வு நுனிக்கும் இடையே ஏதோ ஒன்று தேய்கிறது, பெரும்பாலும் அது லிஃப்டர் சக்கரத்தினுள் மெல்லிய ஊசிகள் கொண்ட நீடில் பேரிங்காகவே இருக்கும். எனக்கும் இதேபோல் நேர்ந்தது. லிஃப்டரைக் கையில் வைத்து உருட்டியபோது வழவழப்பாகத்தான் சுழன்றது. கரைப்பானில் கழுவி எண்ணெயை முழுவதும் நீக்கிய பிறகே, சக்கரம் மேலும் கீழும் ஆடுவதும், உருட்டும்போது மணல் அரைபடுவதுபோல் நெருடுவதும் விரலுக்குத் தெரிந்தன. ஆயில் ஃபில்டரையும் அறுத்து விரித்து, மடிப்புகளில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் லிஃப்டரை மட்டும் மாற்றினால் அதைக் கெடுத்த காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருந்துவிடக்கூடும். வால்வை மூடும் ஸ்பிரிங் தளர்ந்தால் உயர் சுழற்சியில் சக்கரம் கேமை விட்டு எழும்பி மீண்டும் அதன்மேல் விழுகிறது. அந்த அடி முழுவதையும் வாங்குபவை அந்த மெல்லிய ஊசிகள்தாம். ஹெட்டைக் கழற்றாமலே அழுத்தம் பார்க்கும் கருவியால் பதினாறு வால்வுகளையும் அளந்து, பொருத்திய நாளின் அளவோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதம் குறைந்திருந்தால் நான் முழு செட்டையும் மாற்றிவிடுவேன். ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் டைட்டானியம் ரீட்டெய்னரில் ஸ்பிரிங் அமரும் படியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய ஸ்பிரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஒரு சிறு கீறலோ துருப்புள்ளியோ போதும், உலோகச் சோர்வின் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

டிராக் பந்தயத்தின் மிக வேகமான வகுப்பான டாப் ஃப்யூயல் அணிகள் 1,000 அடி ஓடிய எஞ்சினை ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பிரித்துக் கோக்கின்றன. நாமோ மாதக்கணக்கில் வால்வு கவரைத் திறப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று பிரித்தேன். அந்த லிஃப்டரின் சக்கரம் கழுவியதும் கண்ணுக்குத் தெரியும்படி ஆடியது. ஊசிகளில் இரண்டு செதில் செதிலாக உரிந்திருந்தன. 280 பவுண்டில் பொருத்திய ஸ்பிரிங் 238 காட்டுகிறது. மற்ற பதினைந்தும் 255க்கும் 265க்கும் இடையில் உள்ளன. ஸ்பிரிங், லிஃப்டர் இரண்டையும் முழு செட்டாக மாற்றுகிறேன். கேமின் அந்த மேட்டில் நகத்தில் தட்டுப்படும் ஒரு கோடு இருப்பதால், அதையும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறேன்.