நீண்ட காமிக்ஸ் தொடர்களில் மெல்ல மறைந்துபோகும் துணைப் பாத்திரங்களை என்ன செய்வது?

மைக்கூடு:

வணக்கம். வாரம் ஒரு பக்கம் வீதம் இணையத்தில் ஒரு காமிக்ஸ் தொடரைப் பல ஆண்டுகளாக எழுதி வரைந்து வருகிறேன். தொடங்கிய காலத்தில் நாயகியின் அறைத்தோழி, முகவரி மாற்றிக் கடிதம் கொடுக்கும் தபால்காரர், மாடிப்படியில் உட்கார்ந்து போவோர் வருவோரையெல்லாம் விமர்சிக்கும் முதியவர் எனச் சிறு பாத்திரங்கள் பலர் இருந்தார்கள். கதை வேறு திசையில் வளர்ந்தபோது இவர்களில் எவரையும் நான் திட்டமிட்டு வெளியேற்றவில்லை. வரைய வேண்டிய தேவை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இல்லாமலே போய்விட்டது. வாராவாரம் படித்து வந்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. புதிதாக வந்து, முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படித்து முடிப்பவர்கள்தாம் அந்த அறைத்தோழி என்ன ஆனாள் என்று கேட்கிறார்கள்.

அவளுக்கென்று ஒரு விடைபெறும் அத்தியாயம் எழுதலாமா, யாராவது ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு வரி சொல்லிக் கடந்துவிடலாமா, அல்லது எதுவுமே சொல்லாமல் விட்டுவிடுவதுதான் முறையா? நீண்ட தொடர்களை ஊன்றிப் படித்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழந்தாள்:

நண்பரே, சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலான தொடர்களில் நடந்திருக்கிறது. அதனால் அவை கெட்டுப்போகவும் இல்லை. 1950 அக்டோபர் 2 அன்று வெளியான 'பீனட்ஸ்' என்ற அமெரிக்க நாளிதழ்க் காமிக்ஸ் தொடரின் முதல் படத்துண்டில் பேசுகிற ஒரே பாத்திரம் ஷெர்மி. லைனஸ், லூசி, ஷ்ரோடர் எனத் தனிக் குணம் படைத்த பிள்ளைகள் வந்து சேரச் சேர, குறிப்பிட்ட குணம் எதுவும் இல்லாத ஷெர்மிக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. 1960களின் முடிவோடு அவன் தொடரிலிருந்து மறைந்தான். தொடரை எழுதி வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் அதற்கு ஒரு கட்டத்தைக்கூடச் செலவழிக்கவில்லை. நாளிதழில் தினமும் ஒரு துண்டு படித்தவருக்கு அது கண்ணில் படாது. 2004 முதல் முழுத் தொகுப்புகளாக வெளிவந்தவற்றை வரிசையாகப் படிப்பவருக்குத்தான் அந்த மறைவு ஒரு நிகழ்ச்சியாகத் தெரிகிறது. உங்கள் புதிய வாசகர்களின் நிலையும் இதுவே.

ஆனால் கார்ஃபீல்ட் என்ற பூனையை நாயகனாகக் கொண்ட 'கார்ஃபீல்ட்' தொடரின் லைமன் விஷயம் வேறு. 1978இல் தொடர் தொடங்கியபோது பூனையை வளர்க்கும் ஜானுக்குப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காக வந்த அறைத்தோழன் அவன். பூனையின் எண்ணக் குமிழ்களே ஜானுக்குப் போதிய பதிலாக அமைந்துவிட்ட பிறகு, 1983இல் அவன் விளக்கமின்றி மறைந்தான். ஷெர்மியைப் பற்றி யாரும் கவலைப்படாதபோது லைமனைப் பற்றி மட்டும் வாசகர்கள் இன்றுவரை ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லைமன் தன் நாயை விட்டுப் போனான். ஓடி என்ற அந்த நாய் அதே வீட்டில் தொடர்ந்து இருக்கிறது. அது வருகிற துண்டுகளிலெல்லாம், இதன் உரிமையாளன் எங்கே என்ற கேள்வியும் கூடவே வருகிறது. தொடரின் ஆசிரியர் ஜிம் டேவிஸ் இதை ஒரு வேடிக்கையாகவே மாற்றிக்கொண்டார்.

எனவே ஒரு பாத்திரம் எத்தனை பக்கங்களில் வந்தது என்பதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். போகும்போது கதைக்குள் எதை விட்டுப் போனது என்பதைத்தான் பார்ப்பேன். உங்கள் தபால்காரரும் முதியவரும் எதையும் விட்டுப் போகவில்லை. அறைத்தோழியோ ஓர் அறையின் பாதியை விட்டுப் போயிருக்கிறாள்.

கட்டங்களுக்கு நடுவே:

பழந்தாள் அவர்கள் சொன்னது, காலம் நகராத தொடர்களுக்கு முற்றிலும் பொருந்தும். பாத்திரங்களுக்கு வயது ஏறும் தொடர்களில் மௌனத்துக்கு இவ்வளவு சலுகை கிடைப்பதில்லை. 1918இல் தொடங்கிய 'கேசலின் ஆலி' தொடரில், 1921இல் வாசற்படியில் கிடந்த குழந்தையாக வந்த ஸ்கீசிக்ஸ் வளர்ந்து முதியவராகிறார். அப்படிப்பட்ட உலகில் ஒருவரைப் பல ஆண்டுகள் காணாவிட்டால், அவர் இறந்துவிட்டாரோ என்றுதான் வாசகர் நினைப்பார். மைக்கூடு அவர்களே, உங்கள் தொடரில் காலம் நகர்கிறதா, இல்லையா? அதைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் அனைவரும் மறைவை ஒரு குறையாகவே பேசுகிறோம். அது ஒரு சேமிப்பும் ஆகலாம். கேரி ட்ரூடோவின் 'டூன்ஸ்பரி' தொடரில் ஆண்டி லிப்பின்காட் 1976இல் அறிமுகமானான். ஜோனி என்ற பெண் அவன்மேல் காதல் கொள்கிறாள். அவன் தன்பால் ஈர்ப்புள்ளவன் என்று பிறகு தெரியவருகிறது. அந்தக் கிளைக்கதை அவ்வளவே. பிறகு எப்போதாவது வந்து போனவன், 1980களின் இறுதியில் எய்ட்ஸ் நோயாளியாகத் திரும்பி வந்து 1990இல் இறக்கிறான். நாள்தோறும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தவனாக இருந்திருந்தால் அந்த மரணம் வேறு விதமாகப் படிக்கப்பட்டிருக்கும். இடையில் நாம் அவனை மறந்திருந்தோம் என்பதும் அந்தத் துயரத்தின் ஒரு பகுதி. அவன் ஊரை விட்டுப் போய்விட்டான் என்று 1977லேயே ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் இந்தக் கதை கெட்டிருக்காது என்றாலும், அந்த வரியால் எந்தப் பயனும் இருந்திருக்காது.

அதற்காக விடைபெறும் காட்சியே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். 1930களில் வந்த 'நீலத் தாமரை' கதையின் முடிவில் நாயகன் டின்டின் தன் சீன நண்பன் சாங்கிடம் கண்ணீரோடு விடைபெறுகிறான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, அதே சாங்கைத் தேடித்தான் அவன் திபெத்துக்குப் போகிறான். விடைபெறுதல் கதவைச் சாத்துவதில்லை. கொன்றுவிடுவதுதான் சாத்துகிறது.

கடைசிக் குமிழ்:

கொல்வது பற்றி ஒரு வார்த்தை. 1986இல் மார்வெல் நிறுவனத்தின் 'கேப்டன் அமெரிக்கா' இதழில், ஸ்கர்ஜ் என்ற கொலையாளி ஒரு மதுக்கூடத்தில் கூடியிருந்த சில்லறை வில்லன்கள் பலரை ஒரே அத்தியாயத்தில் சுட்டுத் தள்ளினான். யாருக்கும் பயன்படாத பாத்திரங்களைக் கூட்டிப் பெருக்கித் தள்ளும் வேலை என்றே அதைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பயன்படாத பாத்திரம் எது என்பதை அன்றைக்கே தீர்மானிக்க முடியுமா? 1919இல் தொடங்கிய 'திம்பிள் தியேட்டர்' தொடரில், பாப்பாய் 1929 ஜனவரியில் ஒரு கடற்பயணத்துக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட மாலுமியாக வந்தவன்தான். பயணம் முடிந்ததும் அனுப்பி வைக்கப்பட்டவனை வாசகர்கள் கேட்டு வாங்கினார்கள். அதன்பின் மறைந்துபோனவன், பத்தாண்டுக் காலம் தொடரின் நாயகி ஆலிவின் காதலனாக இருந்த ஹாம் கிரேவி! முதன்மைப் பாத்திரமும் மறையும் என்பதற்கு அவனே சாட்சி.

நடைமுறைக்கு வருவோம். எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலை மிக நேர்த்தியாகக் கையாண்டது எய்ச்சிரோ ஓடாவின் ஜப்பானியக் காமிக்ஸ் தொடரான 'ஒன் பீஸ்'. அத்தியாயத்தின் முகப்புப் படத்தை, மூலக்கதையிலிருந்து விலகிப்போன பாத்திரங்களுக்கு அவர் ஒதுக்கினார். தோற்று ஓடிய பகி என்ன ஆனான், கடற்படையில் சேர்ந்த கோபி எப்படி வளர்ந்தான் என்பவை வாரம் ஒரு படமாக அங்கே தனியே ஓடின. மூலக்கதை ஒரு கட்டத்தையும் இழக்கவில்லை. கோபி நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் ஆளே மாறியிருந்தது வாசகருக்கு இடிக்கவும் இல்லை. பேச்சுக் குமிழ் இல்லாத ஒற்றைப் படம் என்பதால் வரைபவருக்கும் சுமை குறைவு.

பேச்சுவாக்கில் ஒரு வரி என்ற உங்கள் இரண்டாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாளாம் என்று யாராவது சொல்லும்போது, அது ஆசிரியர் வாசகருக்குச் சொல்லும் சமாதானம் என்று உடனே தெரிந்துவிடும். சொல்கிற பாத்திரத்துக்கு அதில் மகிழ்ச்சியோ கோபமோ இருந்தால் மட்டும் அந்த வரி பிழைக்கும்.

மைக்கூடு:

மூவருக்கும் நன்றி. என் தொடரில் காலம் நகர்கிறது, ஆனால் மெதுவாக. வாசகருக்கு ஐந்து ஆண்டு என்றால் நாயகிக்கு ஓர் ஆண்டுகூட ஆகியிருக்காது. ஆகவே அறைத்தோழி ஒரு சில மாதங்களாகத்தான் காணவில்லை என்று கதைக்குள் கொள்ளலாம். பழந்தாள் சொன்னதைப் படித்தபின் பக்கங்களைப் புரட்டினேன்: அவளுடைய தையல் இயந்திரத்தைப் பின்னணியில் இன்னமும் வரைந்துகொண்டிருக்கிறேன். அதை எடுக்கப் போவதில்லை. அத்தியாயங்களுக்கு நடுவே நான் வெறுமையாக விடும் பிரிப்புப் பக்கங்களில் அவளை வரைந்து பார்க்கிறேன். தபால்காரரையும் முதியவரையும் பற்றி எதுவும் சொல்வதாக இல்லை.

ஓர் ஐயம் மட்டும் மீதி. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் தனிப்பக்கத்தில் இவர்கள் அனைவரின் படங்களும் இருக்கின்றன. நீக்கிவிடலாமா?

பழந்தாள்:

அறைத்தோழி இருக்கட்டும். மற்ற இருவரின் படங்களை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். புதிய வாசகர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் கதைக்கு முக்கியம் என்று எண்ணிக்கொண்டுதான் படிக்கத் தொடங்குகிறார். அவர்களை விரும்பும் பழைய வாசகர்கள் இருந்தால், முதல் அத்தியாயத்தின் கீழே அந்த அத்தியாயத்தில் வருவோர் என்று ஒரு சிறு பட்டியல் போட்டு, அங்கே வையுங்கள்.