பேஸ்மேக்கர் வெச்ச பக்கம் கையில ரத்தம் உறைஞ்சிருக்கு, அம்மா கையையே அசைக்க மாட்டேங்கிறாங்க

தண்டையார்பேட்டை மகள்:
எங்க அம்மாவுக்கு 65 வயசு. காசிமேட்டுல மீன் எடுத்து, கூடையில சுமந்து வித்தவங்க. போன வருஷம் மயங்கி விழுந்தாங்க. நாடித்துடிப்பு ரொம்பக் கம்மின்னு இடது பக்கம் காறை எலும்புக்குக் கீழ பேஸ்மேக்கர் வெச்சாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. ஆடி முடிஞ்சதும் இடது கை கனக்குதுன்னாங்க. வளையல் ஏறல, விரல் எல்லாம் நீலம் பாரிச்சிருந்துச்சு. டாப்ளர் ஸ்கேன்ல தோள்கிட்ட இருக்கற ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டின்னு வந்துச்சு. வயித்துல ஊசி போட்டாங்க, இப்ப ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை. வீக்கம் வடிஞ்சிருச்சு.

பயம்தான் போகல. கட்டி நகர்ந்துடும்னு யாரோ சொன்னதுல இருந்து அந்தக் கையை முந்தானைக்குள்ளயே சுத்தி வெச்சிருக்காங்க. தலை வாரி விடறதுகூட நான்தான். தோள்லயும் மார்லயும் பச்சைப் பச்சையா நரம்பு எழும்பி நிக்குது, கண்ணாடியில பார்த்துட்டு அழறாங்க. கீரையே கூடாதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கற ஐ.என்.ஆர். டெஸ்ட் ஒரு தடவை 1.6, அடுத்த தடவை 4.8. பேஸ்மேக்கரையே எடுத்துடுவாங்களா? இதோட வாழறவங்க சொல்லுங்க.

ராயபுரம் பெரியவர்:
அம்மாடி, நானும் அப்படி வாழறவன்தான். ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன்.

பேஸ்மேக்கர்ல இருந்து ஒயர் அந்த ரத்தக்குழாய் வழியாத்தான் இதயத்துக்குப் போகுது. ஒயர் உள்சுவத்தை உரசும், ஓட்டம் மந்தமாகும், அந்த இடத்துல ரத்தம் உறையும். பச்சை நரம்பைப் பார்த்து அம்மாவை அழ விடாத. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி அடைச்சு நின்னா நாம சந்துக்குள்ள பூந்து வீட்டுக்குப் போகலியா? ரத்தமும் அப்படித்தான் சின்னக் குழாய் வழியாத் திரும்புது. எனக்கும் தோள்ல இருக்கு, பேத்தி விரலால கோடு போட்டு விளையாடுவா.

கையைக் கட்டி வெக்கிறதுதான் எனக்குப் பெரிய கவலையாப் படுது. அசைக்காம வெச்சா தோள் இறுகிடும், அந்த வலி தனிக் கொடுமை. எனக்கு டாக்டர் விரலை மடக்கி நீட்டச் சொன்னார், முழங்கையை மடக்கச் சொன்னார், அப்புறம் தோளைக் கொஞ்சம் கொஞ்சமா உயர்த்தச் சொன்னார். அம்மா சீப்பை அவங்களே பிடிக்கட்டும். கூடை மட்டும் டாக்டரைக் கேக்காம தூக்க வேணாம். ராத்திரி கைக்கு அடியில தலையணை. பி.பி. பட்டையும் ரத்தம் எடுக்கறதும் வலது கையில.

கட்டி நகர்ந்தா போற இடம் நுரையீரல். திடீர்னு மூச்சு வாங்கினா, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினா, சளியில ரத்தம் வந்தா, காத்திருக்காத, 108. முகமும் கழுத்தும் வீங்கினாலும் அன்னிக்கே போயிடு. இதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை. மத்தபடி கையை அசைச்சா கட்டி கிளம்பிடும்னு என்கிட்ட எந்த டாக்டரும் சொல்லல.

லேப் அக்கா, பழைய வண்ணாரப்பேட்டை:
இந்த மாதிரி கட்டிக்குப் பொதுவா ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் நடுவுல வெச்சுப்பாங்க. 4.8 வந்ததை டாக்டர்கிட்ட உடனே சொன்னீங்களா? முருங்கைக்கீரையை நிறுத்த வேணாம். கீரையில இருக்கற வைட்டமின் கே மாத்திரைக்கு எதிரா வேலை செய்யும், உண்மைதான். ஆனா ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் கிள்ளுகூட இல்லைன்னா அளவு ஏறி இறங்கிட்டே இருக்கும். எப்பவும் சாப்பிடற அளவை அப்படியே சாப்பிடட்டும்.

அந்த வாரம் பேதிக்கு ஏதாவது மாத்திரை வாங்கினாங்களா? மெட்ரோனிடசோல் இந்த மருந்தோட சேர்ந்தா ஐ.என்.ஆர். எகிறும். மூட்டு வலின்னு டைக்ளோஃபெனாக் போட்டா ரத்தக்கசிவு வரும். நம்ம பக்கம் காய்ச்சல்னாலே இடுப்புல ஒரு ஊசி கேக்கற பழக்கம் இருக்கு. வேண்டவே வேண்டாம், சதைக்குள்ள ரத்தம் கட்டிக்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன்னு எந்த டாக்டர்கிட்டயும் முதல்ல அதைச் சொல்லச் சொல்லுங்க.

ராயபுரம் பெரியவர்:
பேஸ்மேக்கர் கேள்வியை விட்டுட்டேன். கட்டிக்காக மட்டும் பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. சீழ் பிடிச்சாத்தான் எடுக்கற பேச்சே வரும். உலகத்துலயே முதல்ல உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வெச்சுக்கிட்டவர் ஸ்வீடன்காரர் ஆர்னே லார்சன், 1958ல. இருபதுக்கு மேல மெஷின் மாத்தி, 86 வயசு வரைக்கும் இருந்தார். அம்மாகிட்ட சொல்லு.

தண்டையார்பேட்டை மகள்:
ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. பேதி மாத்திரை வாங்கினாங்க அக்கா, அட்டையில அதே பேர்தான் இருக்கு. டாக்டருக்கு போன் பண்ணிட்டேன், அட்டையோட நாளைக்கு வரச் சொல்லிட்டார். இன்னொண்ணு, அம்மாவுக்குக் கடவாய்ப் பல் ஆடுது, பிடுங்கணும். மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்திட்டுப் போகட்டுமா?

லேப் அக்கா, பழைய வண்ணாரப்பேட்டை:
நீங்களா நிறுத்தாதீங்க. ஒரு பல்லுன்னா ஐ.என்.ஆர். சரியா இருந்தா மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்குவாங்க. முதல்ல 4.8 இறங்கட்டும். பல் டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை எடுத்துப் பாருங்க, ரிப்போர்ட்டைக் கையோட கொண்டு போங்க. பேஸ்மேக்கர் இருக்குன்னும் சொல்லுங்க.